பொருத்தம் கேட்டுப் போகிறவர்கள்



ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக வந்து, "ஏதும் பிழை விட்டிருந்தா பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்பார். நாமும் பொருத்தம் சொல்லி, பொத்துவிலிலிருந்து வேன் பிடித்துக் கட்டுநாயக்க வரை போய் வழியனுப்புகிறோம். இது வெறும் சம்பிரதாயம்தானா?

நமது நாட்டிலேயே நடந்த இரண்டு சம்பவங்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் பயணிகளோடு ஜித்தாவுக்குப் புறப்பட்ட விமானம், வழியில் கட்டுநாயக்கவில் இறங்கவிருந்தது. விமானிகள் தாம் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து, முன்கூட்டியே தாழ இறங்கினார்கள். இரவு பத்து மணியளவில் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதியது. பணியாளர்கள் 9 பேருடன் 191 பேரும் உயிரிழந்தனர்.

1978 நவம்பர் 15. இவர்களும் இந்தோனேசியர்கள், ஹஜ்ஜை நிறைவேற்றி ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். கட்டுநாயக்கவில் தரையிறங்கும்போது, ஓடுபாதைக்கு முன்னாலேயே தென்னந்தோட்டத்தில் விமானம் விழுந்தது. 262 பேரில் 183 பேர் உயிரிழந்தனர்.

முதல் கூட்டத்தார் கஃபாவைக் காணவில்லை. அடுத்த கூட்டத்தில் பலர் கஃபாவைக் கண்டும் வீட்டு வாசலைக் காணவில்லை. அவர்களும் எங்கோ ஒரு ஊரில் உறவுகளிடம் விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டவர்கள்தானே.

இனி ஒரு ஹாஜி நம் வாசலில் வந்து பொருத்தம் கேட்டால், மனதில் ஒன்றும் வைக்காமல் பொருந்திக்கொள்வோம். கட்டுநாயக்கவில் துஆவுக்காகக் கையேந்தும்போது, நம் மண்ணில் பயணம் முடிந்த அந்த அல்லாஹ்வின் விருந்தாளிகளையும் சேர்த்துக்கொள்வோம்.