மெஸ்ஸுக்குள் போன சிப்பாய்

ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி முஸ்தஃபாவுக்கு நடந்து போகிறவர்களில் பலருக்கு 1942 பிப்ரவரி 17 அன்று அங்கே என்ன நடந்தது என்று ஓரளவு தெரிந்திருக்கும். சிங்கப்பூர் சரணடைந்து இரண்டே நாள். பிரிட்டிஷ் ராணுவத்தின் இந்திய வீரர்கள் ஏறத்தாழ 45,000 பேர் திடலில் நிற்கிறார்கள். கர்னல் ஹன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கிறார். ஃபுஜிவாரா அவர்களை கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைக்கிறார். இந்திய தேசிய ராணுவத்தின் கதையை எல்லாரும் இங்கேதான் தொடங்குவார்கள். அடுத்த பக்கத்தில் நேதாஜி வந்துவிடுவார், மோகன் சிங் ஓரமாகப் போய்விடுவார்.

எனக்கு அந்த மனிதர்மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் வேறு. மேடையில் நின்ற அந்த கேப்டன் பதினைந்து வருடம் முன்பு சாதாரணச் சிப்பாய். சியால்கோட் பக்கத்துக் கிராமத்துப் பையன். 1927இல் 14ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டில் துப்பாக்கி தூக்கப் போனவர்.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. இங்கே நேஷனல் சர்வீஸுக்குப் போகிற எல்லாருமே ரெக்ரூட்டாகத்தான் நுழைகிறார்கள். மொட்டை அடித்து, அடிப்படைப் பயிற்சி முடித்தபிறகுதான் யார் ஆபீசர், யார் சார்ஜென்ட் என்று பிரிக்கிறார்கள். என் தம்பி ஆபீசர் பயிற்சிக்குத் தேர்வானபோது அம்மா பாயசம் வைத்தார், அவ்வளவுதான். அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவே இருந்தது படிக்கட்டு அல்ல, சுவர். சிப்பாயாகச் சேர்ந்தவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று ஏறி, தலை நரைத்தபிறகு சுபேதார் மேஜர் ஆகலாம். இவர்களுக்குக் கிடைத்தது வைஸ்ராய் கமிஷன். (நம்மூரில் கமிஷன் என்றால் வீட்டுத் தரகர் வாங்குவது, இங்கே அது அதிகாரியாக நியமிக்கும் ஆணை.) முப்பது வருடம் சண்டை பார்த்த சுபேதார் மேஜருக்கும் மேலே, நேற்று லண்டனிலிருந்து வந்திறங்கிய இருபது வயது வெள்ளைக்கார செகண்ட் லெப்டினன்ட். அவனிடம் இருந்தது அரசர் கமிஷன்.

முதல் உலகப்போருக்குப் பிறகு அரசர் கமிஷனும் இந்தியருக்குத் திறந்தது. ஆனால் இங்கிலாந்தில் உள்ள சாண்ட்ஹர்ஸ்டில், வருடத்துக்குப் பத்து இடம். அங்கே பிள்ளையை அனுப்ப யாரால் முடியும்? ஜமீன் வீடு, சமஸ்தானம், பெரிய உத்தியோகக் குடும்பம். வரிசையில் நின்ற சிப்பாய்க்கு ஒரு வாசல் என்று உருப்படியாக வந்தது 1932இல், டேராடூனில் இந்திய ராணுவ அகாதமி தொடங்கியபோதுதான். முதல் அணியில் 40 பேர். அதில் 15 இடம் ஏற்கெனவே ராணுவத்தில் இருந்தவர்களுக்கு. அப்படி வந்தவர்களில் இருவரைச் சொன்னாலே போதும். முகமது மூசா பின்னால் பாகிஸ்தான் ராணுவத் தலைவர் ஆனார். கரேன் இனத்தவரான ஸ்மித் டன் சுதந்திர பர்மாவின் ராணுவத் தலைவர் ஆனார். வாசலை இத்தனை காலம் மூடி வைத்ததில் எத்தனை பேர் வீணானார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மோகன் சிங்கும் இதே வழியில் வந்தவர். 1931இல் தேர்வாகி, முதலில் நவ்காவ் கிச்சனர் கல்லூரி, பிறகு டேராடூன். 1935இல் கமிஷன். சிப்பாயாகச் சேர்ந்து எட்டு வருடம் கழித்து, சிப்பாய்கள் சல்யூட் அடிக்கிற இடத்துக்கு வந்தாயிற்று.

வந்த இடம் எப்படி இருந்தது? டேராடூனில் தேறியவருக்கு அதே வேலை செய்கிற வெள்ளைக்கார அதிகாரியைவிடச் சம்பளம் குறைவு. சொந்த நாட்டில்தானே வேலை பார்க்கிறாய் என்பது காரணம். சரி, 1941இல் அவருடைய பட்டாளத்தை மலாயாவுக்குக் கப்பல் ஏற்றினார்களே, அது யாருடைய சொந்த நாடு? இங்கே பல ஐரோப்பிய கிளப்புகளில் இந்திய அதிகாரிக்கு இடமில்லை. இன்னொரு பக்கம், பழைய சிப்பாய் சிநேகிதர்களோடு லங்கரில் உட்கார்ந்து ரொட்டி தின்னவும் முடியாது. அதிகாரி மெஸ்ஸில்தான் தின்ன வேண்டும், கத்தியும் முள்கரண்டியும் வைத்துக்கொண்டு.

1941 டிசம்பர் 11. கெடாவில் ஜித்ராவுக்கு வடக்கே ஆசுன். கொட்டுகிற மழையில் ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியே வந்து 1/14 பஞ்சாபைச் சிதறடித்தன. அந்தச் சிப்பாய்களில் பலர் அதற்குமுன் டாங்கியையே பார்த்ததில்லை. அவர்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. காட்டிலும் சேற்றிலும் அலைந்து, கடைசியில் மோகன் சிங் அலோர் ஸ்டாரில் ஃபுஜிவாராவைச் சந்தித்தார்.

அங்கே ஒரு மதிய விருந்து நடந்தது. ஃபுஜிவாரா தன் நினைவுக் குறிப்புகளில் அதைச் சொல்கிறார். இந்தியச் சமையல். ஜப்பானிய அதிகாரிகளும் இந்திய அதிகாரிகளும் சிப்பாய்களும் ஒன்றாக உட்கார்ந்து கையால் சாப்பிட்டார்கள். மோகன் சிங் நெகிழ்ந்துபோய்ப் பேசினாராம்: பிரிட்டிஷ் ராணுவத்தில் இப்படி ஒரு பந்தியை நினைத்தே பார்க்க முடியாது, மெஸ்ஸில் இந்திய உணவு வேண்டுமென்று கேட்டும் கிடைக்கவில்லை என்று. ஃபுஜிவாரா உளவுத்துறைக்காரர், எல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது. அதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கு பலித்ததற்குக் காரணம், எதிரே இருந்தவர் இரண்டு பந்தியிலும் சாப்பிட்டுப் பார்த்தவர். மோகன் சிங் ஏன் மாறினார் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் அரசியல் காரணங்களைச் சொல்கிறார்கள், அவையும் உண்மைதான். நான் இந்தச் சாப்பாட்டை அவற்றுக்குக் கீழே வைக்க மாட்டேன்.

ஃபேரர் பார்க்கில் அவர் பேசியபோது சிப்பாய்கள் ஆர்ப்பரித்தார்கள். அதிகாரிகள்? சாண்ட்ஹர்ஸ்டில் படித்த லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் சிங் கில் அவரைவிடப் பல படி மூத்தவர். கேப்டனாக இருந்தவர் தங்களுக்கு ஜெனரலா என்ற முணுமுணுப்பு கடைசிவரை ஓயவில்லை. அதே 1/14 பஞ்சாபைச் சேர்ந்த ஷா நவாஸ் கான் பின்னால் செங்கோட்டை விசாரணையில் சொன்ன வாக்குமூலம் சுவாரஸ்யமானது. மோகன் சிங்கை நீண்ட நாளாகத் தெரியும், திறமையானவர், ஆனால் ரொம்பச் சராசரியான அதிகாரி என்கிற பொருளில் சொன்னார். ஷா நவாஸ் ராணுவக் குடும்பத்துப் பிள்ளை, சிறு வயதிலேயே ராணுவப் பள்ளியில் படித்தவர். பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்தச் 'சராசரி' எந்த உயரத்தில் நின்று அளந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

1942 டிசம்பரில் ஜப்பானியர்களோடு முறிந்தது. தன் படையைத் தானே கலைத்துவிட்டார். கைதாகி, முதலில் புலாவ் ஊபினில் காவல், பிறகு சுமத்ரா.

அவர் காவலில் இருக்கும்போதுதான் நம் ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள். 1943 ஜூலையில் நேதாஜி வந்தபிறகு மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் படையில் சேர்ந்தார்கள். இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 'போர்க்குணம் உள்ள இனம்' என்றொரு கோட்பாட்டை வைத்து பிரிட்டிஷ்காரர்கள் தமிழர்களைப் படிப்படியாகக் கழித்துக்கட்டியிருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் போல ஒன்றிரண்டு தப்பியது. மதராஸ் காலாட்படையே இல்லாமல் போனது. பஞ்சாபிச் சிப்பாய்க்கு அதிகாரி வாசல்தான் மூடியிருந்தது. தமிழனுக்குச் சிப்பாய் வாசலே மூடியிருந்தது.

இந்தப் படையில் அது திறந்தது. சேர்ந்தவர்கள் புரியாத ஹிந்துஸ்தானியில் கட்டளைகளைக் கற்றார்கள், பாடம் ரோமன் எழுத்தில். சிங்கப்பூரில் சிவிலியன்களை அதிகாரியாக்கும் பயிற்சிப் பள்ளியும் இருந்தது. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி, ஜான்சி ராணிப் படையில் வரிசையில் ஒருத்தியாகச் சேர்ந்து கேப்டனாகி, அதன் இரண்டாவது தளபதியானார்; சேரும்போது வயது 18. அவருக்குப் பள்ளிப் படிப்பு இருந்தது, ஆங்கிலம் இருந்தது. லயத்து வீட்டிலிருந்து போன பையன் பெரும்பாலும் சிப்பாயாகவே பர்மாவுக்கு நடந்தான். புதிய ராணுவத்திலும் பழைய சுவரின் செங்கல் கொஞ்சம் மிச்சமிருந்தது என்று சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

மோகன் சிங் போருக்குப்பின் இந்தியா திரும்பி, ராஜ்யசபா உறுப்பினராகி, 1989இல் காலமானார். 1974இல் ஒரு நூல் எழுதினார், ஆங்கிலத்தில். இந்திய விடுதலையில் படைவீரர்களின் பங்களிப்பு என்பது அதன் தலைப்பு. ஜெனரல் என்று அழைக்கப்பட்டவர் தலைப்பில் வைத்த சொல், சிப்பாயையும் சேர்த்துச் சொல்கிற அந்தப் பொதுச்சொல்தான்.