திடீரெனக் கேட்காமல் போகும் காது: பழைய ஷெல் காயம் என்று விட்டுவிட வேண்டாம்

“அது ஷெல் விழுந்த காது, டொக்டர். அப்பிடித்தான் இருக்கும்.” போரைக் கடந்து வந்தவர்களிடம் காதைப் பற்றி விசாரிக்கும்போது இந்தப் பதிலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மைதான். எறிகணை வெடிக்கும்போது எழும் அமுக்க அலை செவிப்பறையைக் கிழிக்கும். உட்காதில் ஒலியை உணரும் மயிர்க் கலங்களையும் சிதைக்கும். மனிதரில் அக்கலங்கள் மீண்டும் வளர்வதில்லை.

ஆனால் அந்தப் பாதிப்பு வெடிப்போடு தொடங்குவது. 2009 இல் விழுந்த எறிகணை, இத்தனை ஆண்டுகள் கழித்து ஒரே இரவில் ஒரு காதைச் செவிடாக்குவதில்லை. இரவு நன்றாகக் கேட்ட காது காலையில் கேட்கவில்லை என்றால் அது புதிய நோய். அதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் அதற்கான காலம் குறுகியது.

மூன்று நாட்களுக்குள், தொடர்ச்சியான மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைவதையே திடீர் நரம்புச் செவிப்புலன் இழப்பு என்கிறோம். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். காது அடைத்தது போன்ற உணர்வு, இரைச்சல், சிலருக்குத் தலைச்சுற்று ஆகியவையும் சேர்ந்து வரும்.

உட்காதுக்குக் குருதி செல்லும் வழி மிக ஒடுங்கியது. சிறுமூளைக்குச் செல்லும் ஒரு நாடியிலிருந்து பெரும்பாலும் பிரியும் மெல்லிய கிளை, செவி நரம்புடனும் முக நரம்புடனும் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றர் நீளமான எலும்புக் கால்வாய்க்குள் சென்று உட்காதை அடைகிறது. கைக்கு ஒரு குழாய் அடைபட்டால் மறு குழாய் ஓரளவு ஈடுசெய்யும். உட்காதுக்கு அப்படி மாற்று வழி இல்லை. அதனால்தான் அந்தக் கிளையில் குருதியோட்டம் தடைப்படுவது திடீர் இழப்புக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வைரசுத் தொற்று, உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே உட்காதைத் தாக்குதல், செவி நரம்பில் வளரும் புற்றுநோயல்லாத கட்டி ஆகியவையும் காரணமாகலாம். 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்குத் திட்டவட்டமான காரணம் அகப்படுவதில்லை.

ஸ்கான் அறிக்கையில் “செவி நரம்பின் அருகே குருதிக்குழாய் வளையம்” என்று எழுதியிருந்தால் பலர் கலங்கிப் போகிறார்கள். நன்றாகக் கேட்பவர்களிலும், ஒரே ஆளின் நல்ல காதின் பக்கத்திலும்கூட இவ்வளையம் காணப்படுவதுண்டு. எனவே வளையம் இருப்பது மட்டும் நோய்க்குச் சான்றாகாது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் குடுமி அல்லது சளி அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் நரம்புப் பக்கத்துப் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஏற்கெனவே இரு காதும் பழுதானவர்களுக்கு இச்சோதனை பொருந்தாது. எப்படியிருந்தாலும் செவிப்புலன் பரிசோதனையே முடிவு சொல்லும். எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டு நாட்களைப் போக்க வேண்டாம்.

சிகிச்சையாக ஸ்டீரொய்ட் குளிசைகள் வழங்கப்படுகின்றன. முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே நல்லது. போதிய முன்னேற்றம் இல்லாவிட்டால் செவிப்பறையூடாக நடுக்காதுக்குள் ஊசி மருந்து ஏற்றலாம். எல்லோருக்கும் கேட்கும் திறன் திரும்பும் என்று உறுதி கூற முடியாது. சிலருக்குத் தானாகவும் திரும்புகிறது. ஆனால் மாதங்கள் கடந்து வருபவருக்கு மருந்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. நீரிழிவு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் கூற வேண்டும். ஸ்டீரொய்ட் சீனியின் அளவை உயர்த்தும்.

எங்கள் மக்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ ஸ்கான் எழுதுவார்கள். உடலில் எறிகணைச் சிதறல் இருந்தால், அது சிறியதாக இருந்தாலும், வலிக்காவிட்டாலும், ஸ்கான் அறைக்குள் போகுமுன் சொல்லுங்கள். அந்த வலுவான காந்தம் இரும்புத் துண்டை அசைக்கலாம், சூடாக்கலாம். கண், மூளை, முள்ளந்தண்டு ஆகியவற்றின் அருகே அது பேராபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ பொருந்தாவிட்டால் சி.ரி ஸ்கான், செவி நரம்பின் மின் சைகைகளை அளக்கும் சோதனை போன்ற வழிகள் உள்ளன. சிதறல் இருக்கிறது என்று சொல்வதால் காதுக்கான சிகிச்சை நின்றுபோகாது.

காது கேளாமையோடு முகம் கோணுதல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாடுதல், கை கால் விறைப்பு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். காது மட்டும் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே “காது கேக்குதில்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்தக் காது, எந்த நாளிலிருந்து, அதற்கு முன்னர் அந்தக் காது எவ்வளவு கேட்டது என்பதையும் சொல்லுங்கள். பழைய இழப்பையும் புதிய இழப்பையும் பிரித்தறிய வைத்தியருக்கு அந்த விவரம் தேவை.