உ.பி. துப்பாக்கி உரிமம் டெல்லியில் செல்லுமா?

நாடு முழுக்க ஒரே சட்டம்தானே என்று கேட்டால், ஆமாம். ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் வருகின்றன. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் எல்லா மாநிலங்களுக்கும் பொது. ஆனால் சட்டம் பொது என்பதால் உங்கள் உரிமமும் எல்லா இடத்திலும் செல்லும் என்று அர்த்தமில்லை.

உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். மாவட்டம், மாநிலம், இந்தியா முழுவதும் என எதுவும் இருக்கலாம். காலாவதி தேதியைப் பார்க்கிற அக்கறையோடு இதையும் பாருங்கள். 'உத்தரப் பிரதேசம்' என்று மட்டும் இருந்தால், நொய்டாவிலிருந்து கார் டெல்லிக்குள் நுழைந்ததுமே நீங்கள் உரிம எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

தண்டனை என்ன? உரிம நிபந்தனையை மீறினால் 30-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமே இல்லாமல் வைத்திருந்ததாக 25-வது பிரிவில் வழக்கு பாய்ந்தால் கதையே வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களும் மாட்டுகிறார்கள். காரணம், பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா. சட்டத்தின் பார்வையில் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால், பயணம் அங்கேயே நின்று எஃப்.ஐ.ஆர். வரை போகலாம். கையில் ஆயுதம் இருப்பது தெரிந்தே இருந்திருக்க வேண்டும் என்று 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை வைத்து டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. அதற்குள் வக்கீல் செலவும் அலைச்சலும் ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம். பையின் பக்கவாட்டு ஜிப்களையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

துப்பாக்கியோடு வெளிமாநிலம் போகத்தான் வேண்டும் என்றால், உரிமம் தந்த அதிகாரியிடம் முன்கூட்டியே எல்லை நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அசல் உரிமம் கையில் இருக்கட்டும். 19-வது பிரிவின்படி போலீஸ் கேட்கும்போது காட்டாவிட்டால், துப்பாக்கியைப் பறிமுதல் செய்யலாம். விமானத்தில் தோட்டாக்களை நீக்கிய துப்பாக்கி செக்-இன் லக்கேஜில்தான் போகும், கவுன்ட்டரிலேயே சொல்லிவிட வேண்டும்.

போகிற ஊரில் தேர்தல் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். அந்தச் சமயத்தில் ஆயுதம் எடுத்துச் செல்ல மாவட்ட நிர்வாகம் தடை போடுவது வழக்கம். இந்தியா முழுவதும் செல்லும் உரிமம் வைத்திருப்பவர்களையும் அது கட்டுப்படுத்தும்.