சம்மனசுகளின் இடத்தில் சிப்பாய்கள்

பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில், கடலுக்குப் பக்கமாக, சாந்த் மேர் எக்லீஸ் என்றொரு சிற்றூர். அங்கே பழைய மாதா கோயிலின் ஒரு ஜன்னலில் குழந்தையை ஏந்தி மாதா நிற்கிறாள். இது எங்கும் காண்பதுதான். அவளைச் சுற்றிப் பறப்பவர்களைப் பாருங்கள். சம்மனசுகள் இல்லை, பாராசூட்டில் இறங்கும் அமெரிக்கச் சிப்பாய்கள். கீழே ஊர் எரிகிறது.

அந்தத் தீ கற்பனை இல்லை. 1944 ஜூன் 5 இரவு கோயிலுக்கு எதிரே ஒரு வீடு பற்றிக்கொண்டது. கோயில் மணியை விடாமல் அடித்து ஊரைக் கூட்டினார்கள். ஜெர்மன் காவலர்கள் துப்பாக்கியோடு நிற்க, ஜனங்கள் வரிசை கட்டி வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றினார்கள். நள்ளிரவு தாண்டியதும் தலைக்கு மேல் விமான இரைச்சல். நேச நாடுகளின் நார்மண்டிப் படையிறக்கம் தொடங்கியிருந்தது. 82-ஆம் வான்வழிப் படைப் பிரிவின் வீரர்கள் சிலர் இலக்குத் தவறி ஊர் நடுவிலேயே இறங்கினார்கள். தீ வெளிச்சத்தில் சுடுவதற்கு அவர்கள் வாகான குறி. மண்ணைத் தொடுமுன்னே செத்தவர்கள் உண்டு. ஜான் ஸ்டீல் என்பவரின் பாராசூட் கோபுரத்தில் மாட்டிக்கொண்டது. செத்தவர் போல இரண்டு மணி நேரம் தொங்கினார். 1962-இல் வந்த 'தி லாங்கஸ்ட் டே' படத்தால் உலகம் அவரை அறிந்துகொண்டது. இன்றும் கோபுரத்தில் ஒரு பொம்மைச் சிப்பாய் தொங்குகிறார். சுற்றுலாக்காரர்கள் அண்ணாந்து பொம்மையைப் படம் எடுத்துவிட்டு, ஜன்னலைப் பார்க்காமலே போய்விடுவதும் உண்டு!

ஜன்னலை வரைந்தவர் பெரிய ஓவியர் அல்லர். மேயர் அலெக்ஸாந்த்ர் ரெனோவின் மகன் போல் ரெனோ, அப்போது பதின்வயதுப் பையன். அவருடைய அம்மா சிமோன், ஊரைச் சுற்றிப் புதைக்கப்பட்ட அமெரிக்க வீரர்களின் குழிகளில் பூ வைத்தவர். கடல் கடந்து வர முடியாத தாய்மார்களுக்கு, உங்கள் பிள்ளையின் குழியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கடிதம் எழுதியவர். அந்த வீட்டுப் பையனுக்குப் போர் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் சிற்றூர்க் கோயில்களில் வைத்த நினைவு ஜன்னல்களைப் பார்த்தால் சம்மனசுக்குப் பதில் சிப்பாயை வரைந்த துணிச்சல் விளங்கும். பலவற்றில் கவசம் பூண்ட புனித ஜார்ஜ் ஈட்டியோடு நிற்பார். சேற்றுக் குழியில் செத்த பையனுக்கு வெள்ளிக் கவசம். போல் ரெனோ அந்த வேஷமெல்லாம் போடவில்லை.

வரைந்ததைக் கண்ணாடியாக்கியவர் கப்ரியேல் லுவார். கண்ணாடிக்குப் பேர்போன ஷார்த்ர் நகரத்துக்காரர். இந்தக் கலையில் நிறம் மேலே பூசுவதன்று. காய்ச்சும்போதே கண்ணாடிக்குள் கலந்தது. முகத்தின் கோடுகள் போன்றவற்றை மட்டும் தீட்டிச் சூளையில் சுட்டெடுப்பார்கள். வெட்டிய துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்தால் ஜன்னல். நெருப்பைக் காட்டவும் நெருப்பில்தான் வேலை.

அந்த இரவுக்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1969-இல், உயிரோடிருந்த பழைய வீரர்கள் இன்னொரு ஜன்னலைக் கொடுத்தார்கள். அதில் பாராசூட் வீரர்களின் பாதுகாவலரான அதிதூதர் மிக்கேல். ஸ்டீல் அதே ஆண்டு மே 16 அன்று இறந்துபோனார்.

சற்றுத் தெற்கே ஆங்கோவில் ஓ ப்ளேன். தமிழ்க் காதுக்குக் 'கோவில்' என்றே விழும் பெயர். கோயிலைத் தவிர அங்கே பெரிதாக எதுவுமில்லை. மருத்துவர்களின் பாதுகாவலர்களான கோஸ்மாஸ், தமியான் ஆகிய இரட்டையரின் கோயில் அது. அதே படையிறக்கத்தின்போது 101-ஆம் வான்வழிப் படைப் பிரிவின் மருத்துவ உதவியாளர்கள் இருவர், ராபர்ட் ரைட்டும் கென்னத் மூரும், அதற்குள்ளேயே சுமார் 80 பேருக்குச் சிகிச்சை செய்தார்கள். ஊர் கைமாறியது. உள்ளே வந்த ஜெர்மானியர், தங்கள் ஆட்களும் அங்கே கட்டுப்போட்டுக் கிடப்பதைக் கண்டு பேசாமல் வெளியேறினார்கள். கூரையைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்கவில்லை. உடைந்த தரைக்கல் இன்னும் இருக்கிறது.

அந்த இருவர் நினைவாகவும் இப்போது அங்கே வண்ண ஜன்னல் உண்டு. அழகானதுதான். ஆனால் எனக்கென்னவோ பெஞ்சுகள்தான் பெரிதாகப் படுகின்றன. அடிபட்டவர்களைக் கிடத்திய மரப் பெஞ்சுகளில் ரத்தக் கறை அப்படியே இருக்கிறது. ஊரார் அதை இழைத்தெடுக்கவில்லை. சாந்த் மேர் எக்லீஸ் ஜன்னலில் வானத்திலிருந்து இறங்கியவர்கள். பெஞ்சில், இறங்கிய பிறகு நடந்தது. ரைட் 2013-இல் இறந்தார். அவர் அஸ்தி அந்தக் கோயில் வளாகத்தில், பெயரின் முதலெழுத்துகள் மட்டும் வெட்டிய கல்லின் கீழ் இருக்கிறது.

கப்ரியேல் லுவாரை விட்டுவிட்டேனே. அமெரிக்கச் சிப்பாய்களை மாதாவைச் சுற்றிப் பறக்கவைத்த அதே மனிதரை, பிற்பாடு பெர்லின்காரர்கள் கூப்பிட்டார்கள். 1943 நவம்பரில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் சிதைந்த கைசர் வில்ஹெல்ம் கோயிலின் பக்கத்தில் எழுப்பிய புதுக் கோயிலுக்கு, 20,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிகளை அவர் செய்து கொடுத்தார். பெரும்பாலும் ஆழ்ந்த நீலம். 1961-இல் கோயில் திறந்தது. அந்த நீலத்துக்குள் அடுத்த வாரம் போவோம்.