ஆற்று முகத்தில் ஒரு காலை: அடையாற்றுப் போர் நடந்த மணல்

முப்பத்தாறு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன் நான். படித்தது பி.காம். சரித்திரத்துக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கணக்கை மறுபடி திறக்க வைத்தவன் என் பேரன்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை நடைக்கு அவனையும் எலியட்ஸ் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அங்கே வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவிடத்தைக் காட்டி, "தாத்தா, இது எந்தச் சண்டைக்காகக் கட்டினது?" என்று கேட்டான். "ஏதோ உலக யுத்தம்டா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் நான் சொன்னது சுத்தத் தவறு என்று தெரிந்தது. ஷ்மிட் டென்மார்க் நாட்டுக்காரர். 1930 டிசம்பர் 30-ஆம் தேதி, பிறரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி, தான் உயிரை விட்டவர். அந்தக் கட்டடத்துக்கும் யுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாற்பது வருடமாக அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாள் கூட அதில் எழுதியிருப்பதைப் படித்ததில்லை.

அப்படியானால் நம் கரையில் யுத்தமே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. எம்டன் கதை எல்லோருக்கும் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் மதராஸ் மீது குண்டு வீசி, துறைமுகத்துக்கு அருகில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கெட்டிக்காரப் பேர்வழியை "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கமும் அன்றிலிருந்து வந்ததுதான். ஆனால் அதைவிடப் பெரிய விளைவை உண்டாக்கிய ஒரு சண்டை நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், 1746-ஆம் வருடம் நடந்திருக்கிறது.

அந்த இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பேரனோடு கிளம்பினேன். ஷ்மிட் நினைவிடத்திலிருந்து வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "முகத்துவாரம் வரைக்கும் போறீங்களா? தண்ணிப் பக்கம் போகாதீங்க ஐயா, இழுப்பு இருக்கு" என்று எச்சரித்தார். குப்பத்தைத் தாண்டியதும் கடைச் சத்தம் நின்றுவிடுகிறது. சின்னச் சின்ன மணல் மேடுகள், அவற்றின் மேல் ஊதாப் பூ பூத்த அடும்பங்கொடி, கையில் குத்தும் இராவணன் மீசைப் புல். இந்த இரண்டும்தான் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக்குகின்றன. மேட்டைத் தாண்டினால் உடைந்த பாலம். அதற்கு அப்பால் ஆறு, எதிர்க்கரையில் சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம், அதற்கும் பின்னால் சாந்தோம்.

இப்போது கதைக்கு வருகிறேன். அப்போது ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே, மதராஸில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டார். கோட்டையை ஆற்காட்டு நவாப் அன்வருதீன்கானிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரி கவர்னர் தூப்ளே வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு காற்றில் போனது. கோபம் கொண்ட நவாப் தன் மகன் மாபூஸ்கானைச் சுமார் பத்தாயிரம் படையோடு அனுப்பினார். கோட்டைக்குள்ளிருந்த பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து பீரங்கியால் சுட்டு அந்தப் படையைப் பின்வாங்க வைத்தார்கள். மாபூஸ்கான் சாந்தோமுக்கு வந்து, புதுச்சேரியிலிருந்து வரும் உதவிப் படையை மறிப்பதற்காக அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளோடு காத்திருந்தார்.

அந்த உதவிப் படையை நடத்தி வந்தவர் பாரதி என்ற சுவிட்சர்லாந்துக்காரப் பொறியாளர். நம் பாரதியார் இல்லை, பெயர் ஒலிப்பு அப்படி. அவரோடு வந்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் ஐரோப்பியர்கள், எழுநூறு இந்தியச் சிப்பாய்கள். பீரங்கி ஒன்று கூட இல்லை. ஐப்பசி மாதம். இருந்தும் ஆற்று முகத்தில் ஆள் இறங்கிக் கடக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். அவர்கள் நேராக ஆற்றில் இறங்கினார்கள், கரை ஏறினார்கள், வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள், பிறகு துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடினார்கள். பத்தாயிரம் பேர் படை கலைந்து சாந்தோமின் குறுகிய தெருக்களுக்குள் நெருக்கியடித்து ஓடியது.

தேதி விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. ஆங்கிலப் புத்தகங்கள் அக்டோபர் 24 என்கின்றன, பிரெஞ்சுக் கணக்கு நவம்பர் 4 என்கிறது. வங்கியில் ரீகன்சிலியேஷன் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தேடிப் பார்த்ததில் விடை கிடைத்தது. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்தது, அது பதினொரு நாள் பின்தங்கியது. இரண்டு தேதியும் சரி, ஒரே நாள்தான்.

தேதியை நேராக்கியாயிற்று. ஆனால் ஆயிரம் பேர் பத்தாயிரம் பேரை வென்ற கணக்கு எப்படி நேராகும்? காரணம் வீரம் அல்ல, பயிற்சி. அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பீரங்கியைக் கால் மணிக்கு ஒரு முறை சுட்டாலே பெரிய காரியம். ஐரோப்பியர்கள் ஒரு நிமிடத்திலேயே பல முறை சுடப் பழகியிருந்தார்கள். வரிசை கலையாமல் நிற்கவும் பழகியிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, வென்ற ஆயிரத்தில் எழுநூறு பேர் நம் நாட்டுக்காரர்கள். அதே பயிற்சியைக் கொடுத்தால் நம் ஆட்களும் அப்படியே நிற்பார்கள் என்பது அன்று இந்த மணலில் தெரிந்துபோனது. பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து ஆங்கிலேயர்களும் கற்றுக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கம்பெனிப் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை 1758 என்று கணக்கிடுகிறது.

இதில் குமாஸ்தாக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த மதராஸில் இருபத்தொரு வயதுக் கணக்கெழுத்தர் ஒருவர் சிக்கிக்கொண்டார். மாறுவேடம் போட்டுக்கொண்டு கடலூர் பக்கம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பிப் போய், பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தார். அவர்தான் ராபர்ட் கிளைவ். 1749-இல் உடன்படிக்கைப்படி மதராஸ் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. ஆனால் ஆற்று முகத்தில் கற்ற பாடத்தை யாரும் யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் பலனை நாடு இருநூறு வருடம் அனுபவித்தது.

இவ்வளவையும் பேரனுக்குச் சொல்லி முடித்ததும் அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அந்த எழுநூறு பேர் பெயர் எங்கே எழுதியிருக்கு?" என்றான். நாங்கள் நடந்த வழியில் ஒரு பலகை கூடக் கண்ணில் படவில்லை. பாரதியின் பெயர் இருக்கிறது, மாபூஸ்கானின் பெயர் இருக்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் அந்த வருடத்து மதராஸ் சமாசாரங்களும் இருக்கின்றன. ஆனால் ஆற்றில் இறங்கிய சிப்பாய்க்கும் கரையில் செத்த சிப்பாய்க்கும் பெயர் இல்லை. ஆநிரை மீட்டு இறந்தவனுக்குக் கூடக் கல் நட்டுப் பெயர் வெட்டிய நாடு இது. நீச்சலில் உயிர் விட்ட ஷ்மிட்டுக்குக் கல் இருக்கிறது, அது நியாயமே. இவர்களுக்கு இருப்பது இந்த மணல் ஒன்றுதான்.

அந்த மணலும் நிலையாக நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி கடல் மணலை வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே இழுக்கிறது. கோடையில் திட்டு ஆற்றின் வாயை அடைக்கும், அடைமழையில் ஆறு அதை உடைத்துக்கொண்டு போகும். அந்தப் போக்கை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். நாம் செய்யும் கெடுதலைத்தான் நிறுத்த வேண்டும். அன்று திரும்பி வரும் வழியில், அடும்பங்கொடி படர்ந்த ஒரு மேட்டின் மேல் யாரோ ஒரு வண்டி கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உடைந்த டைல்ஸ், குளியலறைப் பீங்கான். நம் பகுதியில் வீடு புதுப்பிக்காதவர் யார்? நம் வீட்டு இடிபாடு எங்கே போகிறது என்று ஒப்பந்தக்காரரிடம் நானும் இதுவரை கேட்டதில்லை.

எனவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, அடையாற்றுப் போர் நடந்த இடம் என்று தமிழில் ஒரு சிறிய பலகை வைக்க மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டும். மனு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு. இரண்டு, வீட்டு வேலை செய்கிற உறுப்பினர்கள் இடிபாடு போய்ச் சேரும் இடத்தைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் விடியற்காலையில் போங்கள். உடைந்த பாலத்தின் மேல் ஏறாதீர்கள், முகத்துவாரத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம், மேடுகளைப் பார்த்து மிதியுங்கள். பேரக் குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு என்னைப் போல் "ஏதோ உலக யுத்தம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.