பாட்ரேஸ் அணியின் பழுப்புச் சீருடை

1969-இல் மேஜர் லீக் பேஸ்பாலில் நுழைந்த சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் முதன்மை நிறம் பழுப்பு. 1991-இல் அது கருநீலத்துக்கு மாறியது; ரசிகர்கள் நெடுங்காலம் வற்புறுத்தியதால் 2020-இல் பழுப்பும் பொன்மஞ்சளும் முழுமையாகத் திரும்பின. இதைப் பழமை ஏக்கம் என்று ஒதுக்குவோர் உண்டு. எழுபதுகளில் இந்நிறங்கள் கேலிக்குள்ளானதும் உண்மையே. ஆனால் ரசிகர்கள் கேட்டது பழைய சட்டையை அல்ல, அடையாளத்தை. நீலம் பல அணிகளுக்குப் பொது. பழுப்போ பெயரிலேயே வேர்கொண்டது: 'பாட்ரேஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் பாதிரிமார், 1769-இல் அவ்வூரில் மிஷன் நிறுவியவர்கள் பிரான்சிஸ்கன் துறவியர், அச்சபையினரின் அங்கி நிறமாக இன்று பரவலாக அறியப்படுவது பழுப்பே. 2020 வடிவமைப்பு 1972-இன் முழு மஞ்சள் உடையை மீட்கவும் இல்லை; சொந்த மைதானச் சீருடையில் வெள்ளைத் துணிமீது மெல்லிய பழுப்புக் கோடுகளே ஓடின.