ரேழியில் அமர்ந்த வழக்கறிஞர்: மட்டாஞ்சேரி ஏ. பி. சேலம்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ‘ஏ. பி. சேலம் சாலை’ என்னும் பெயரைப் படிக்கும் தமிழர் பலரும், மாம்பழத்துக்குப் பேர்போன நம் சேலத்திலிருந்து யாரோ ஒருவர் இங்கு வந்து புகழ்பெற்றார் போலும் என்றே முதலில் எண்ணுவர். அவ்வாறன்று. அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு உறவுடைய பெயர் அது. ஆபிரகாம் பாராக் சேலம், 1882-இல் பிறந்து 1967-இல் மறைந்த கொச்சி யூதர், வழக்கறிஞர், கொச்சி அரசின் சட்டசபையில் இரு காலங்களில் உறுப்பினராக இருந்தவர். வேளியின் சலவைத்துறையிலும் மட்டாஞ்சேரிக் கடைவீதிகளிலும் தலைமுறைகளாக வாழும் நம்மவரும், இன்று தொழில் நிமித்தம் காக்கநாட்டில் குடியேறியிருப்போரும் இவர் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

கொச்சி யூதர் போற்றிக் காத்த செப்பேடு ஒன்றுண்டு. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவனுக்கு அளித்தது. எழுத்து, நமக்குப் பழக்கமான வட்டெழுத்து. மொழியோ, பழந்தமிழின் வாடை மாறாத பழைய மலையாளம். ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகர் குழுவின் பெயரும் அதில் வருகிறது; தமிழகக் கல்வெட்டு பயின்றார்க்கு அது புதிய சொல்லன்று. பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலிய 72 உரிமைகள் அதனால் கிடைத்தன. பகலில் விளக்கேந்தி வரும் பெருமை பெற்ற சமூகம், தன்னுள் ஒரு பகுதியினரைத் தரையில் அமர்த்தியது என்பதுதான் வியப்பு.

அந்தக் கதையைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டிலிருந்து 1492-இல் துரத்தப்பட்ட யூதருள் சிலரும், வேறு நாடுகளிலிருந்து வந்தோரும் கொச்சியில் அடைக்கலம் புகுந்தனர். அரண்மனையையும் அதன் கோயிலையும் ஒட்டிய நிலத்தில் 1568-இல் அவர்கள் தொழுகைப் பள்ளி எழுப்பினர். அவர்களே ‘பரதேசி’ யூதர். நம் பேச்சில் இரப்பவரைக் குறித்து இழிந்துபோன அச்சொல்லுக்கு அயல்நாட்டார் என்பதே நேர்ப்பொருள். அந்த அளவில் ஊர்விட்டு வந்த நாமும் பரதேசிகளே. அவர்களிடம் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரும், அவர்தம் வழியினரும் ‘மெசுக்ராரிம்’ எனப்பட்டனர். மதமும் மறையும் ஒன்றே, தெருவும் ஒன்றே. ஆயினும் பள்ளியினுள் விசிப்பலகையில் அமரவோ, மறைச்சுருளை வாசிக்க அழைக்கப்படவோ அவர்களுக்கு உரிமையில்லை. நம் பழைய வீடுகளின் ரேழியை ஒத்த முன்கூடத்தில், தரையில் இருந்து தொழுதனர். திருமண உறவும் மறுக்கப்பட்டது.

இத்தனைக்கும் யூத நெறிநூல் இதற்கு இடந்தரவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து சென்ற வினாவுக்கு விடையாக, எகிப்திலிருந்த டேவிட் பென் சிம்ரா என்னும் பேரறிஞர், முறைப்படி சமயத்தில் சேர்ந்தோர் அனைவரும் சமமே என்று தீர்ப்பெழுதினார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. சுற்றிலும் சாதிக் கட்டுப்பாடு கோலோச்சிய மண்ணில், வந்தேறியவரும் அதையே கற்றுக்கொண்டனர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மெசுக்ராரிம் சில காலம் பிரிந்து தனியே தொழுதும் பார்த்தனர், அது நிலைக்கவில்லை.

இக்குடியில் பிறந்த சேலத்தைத் தாயார் வளர்த்தார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் கற்றபின், சென்னை சென்று பி.ஏ. பட்டமும் சட்டக் கல்வியும் பெற்றுத் திரும்பினார். கொச்சி யூதருள் முதல் வழக்கறிஞர் அவரே. 1925-இல் கொச்சி அரசு 45 உறுப்பினர் கொண்ட சட்டசபையை அமைத்தபோது அதில் இடம்பெற்றார். 1931 வரையிலும், பின்னர் 1939 முதல் 1945 வரையிலும் பணியாற்றினார். தொழிலாளர் சங்கங்களுக்குத் துணைநின்றார். 1929-இல் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரசுக்கும் சென்றுவந்தார். எறணாகுளத்தில் அவர் நின்று முழங்கிய மேட்டுக்கே ‘சேலம் குன்னு’ என்று பெயர் வழங்கியது.

சபையில் ஆசனம், நீதிமன்றத்தில் மதிப்பு, ஓய்வுநாளில் பள்ளிக்குப் போனால் ரேழி! இந்த முரண்பாட்டைத் தீர்க்க வழக்கறிஞர் கைக்கொண்ட கருவி சட்டமன்று, சத்தியாக்கிரகம். சட்டம்தான் சிம்ராவின் காலம் முதலே அவர் பக்கம் இருந்ததே! அருகிலுள்ள வைக்கத்தில் 1924–25-இல் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நிகழ்ந்த போராட்டமும், அதில் தந்தை பெரியார் சிறை சென்றதும் நாமறிந்தவை. அக்காற்று யூதத் தெருவிலும் வீசியது. சேலம் சில காலம் பள்ளியைப் புறக்கணித்தார். அறப்போர் முறையில் உள்ளிடம் கோரினார். 1929-இல் அப்பள்ளியைக் குறித்து ஆங்கிலத்தில் சிறுநூல் ஒன்றும் வெளியிட்டார். வெளியேற்ற நினைத்த இடத்தின் பெருமையை அவரே எழுதியது கருதத்தக்கது. தடைகள் ஒரே நாளில் விழவில்லை. 1930களில் இங்கு வந்த அமெரிக்க மானிடவியலறிஞர் டேவிட் மேண்டல்பாம், பழைய விலக்குகள் பலவும் தளர்ந்திருக்கக் கண்டார். திருமண விலக்கு மட்டும் நெடுநாள் நீடித்தது. 1950-இல் சேலத்தின் மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதுதான் அதுவும் உடைந்தது.

அவரை ‘யூத காந்தி’ என்பர். பொருத்தமான பெயரே, ஆனால் காந்தியடிகள் எதிர்த்த ஆட்சியாளர் கப்பலேறிப் போகக்கூடியவர். சேலம் எதிர்த்தவர்களோ அடுத்த வீட்டார். காலையில் வாசலில் முகம்பார்க்க வேண்டியவர்கள்.

1930களில் பாலஸ்தீனம் சென்றுவந்தபின் சேலத்தின் மனம் யூதர் தாயகக் கொள்கையிலும் ஈடுபட்டது. இந்திய விடுதலைக்கு உழைத்தவர்க்கு இது எப்படி இயைந்தது என்று வினவுவோருண்டு. பிறந்த மண்ணையும் முன்னோர் மண்ணையும் ஒருசேர நெஞ்சில் சுமப்பது புலம்பெயர்ந்தோர்க்குப் புதிதன்று என்பதே என் விடை. 1948-இல் இஸ்ரேல் உருவானபின் கொச்சி யூதர் செல்ல விரும்பினர். யானைக்கால் நோய் குறித்து அந்நாட்டார் அஞ்சியதால் பயணம் தடைப்பட்டது. சேலம் அங்கே சென்று அவர்களுக்காகப் பேசினார். 1950களின் நடுவில் பெரும்பாலோர் சென்றுவிட்டனர். ஊர் ஊராகப் பள்ளிகள் பூட்டப்பட்டன.

அனுப்பி வைத்தவர் மட்டும் போகவில்லை. தம் இறுதிவரை கொச்சியிலேயே இருந்தார். மட்டாஞ்சேரிப் பள்ளியின் 400-ஆம் ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று. சேலம் மறைந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அந்நாளில் பள்ளியின் பலகைகளில் யார் அமரலாம் என்ற கேள்வி எழவில்லை. அமர்வதற்கு ஆட்களே குறைந்திருந்தனர்.